டீக்கடைக்காரர் கட்டின கம்ப்யூட்டரும் நம்ம நீலகிரி செக்ரோலும்

கம்பெனி வேலைக்குப் போறவங்க வாயில அடிக்கடி வர்ற வார்த்தை ஈ.ஆர்.பி. "டாக்டருக்கு சாப்ட்வேர் பக்கம் என்ன வேலை?"னு கேட்காதீங்க மக்களே, கதை கடைசியில ஒரு பிரசவத்துலதான் போய் நிக்கும். நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வாங்க.

வார்டுல ஒரு நோயாளி. லேபுக்கு ஒரு நோட்டு, பார்மசிக்கு ஒண்ணு, பில்லிங்குக்கு ஒண்ணு, நர்ஸுக்கு ஒண்ணு. ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியாது. இதுக்குப் பதிலா எல்லாரும் எழுதுற, எல்லாரும் பார்க்கிற ஒரே கேஸ் ஷீட் இருந்தா? எந்தத் தகவலையும் ஒரு தடவைதான் எழுதணும்னு இருந்தா? அதை ஒரு கம்பெனிக்குச் செஞ்சா ஈ.ஆர்.பி. அந்தப் பேர் 1990-ல் கார்ட்னர் என்ற அமெரிக்க நிறுவனம் வச்சது. ஆனா கம்பெனிக் கணக்கை முதன்முதலா கம்ப்யூட்டர்ல ஏத்தினது ஒரு டீக்கடை முதலாளி!

லண்டன்ல ஜே. லயன்ஸ்னு ஒரு கம்பெனி. ஊர் முழுக்க டீக்கடை, பேக்கரி, டீத்தூள் வியாபாரம். 1947-ல் அவங்க ஆட்கள் ரெண்டு பேர் அமெரிக்கா போய் கம்ப்யூட்டர்னு ஏதோ இருக்காமேன்னு பார்த்துட்டு வந்தாங்க. விலைக்கு வாங்க அப்போ எதுவும் கிடைக்கல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கட்டிக்கிட்டிருந்த மெஷினுக்குப் பண உதவி செஞ்சு, அந்த மாதிரியிலேயே சொந்தமா ஒண்ணு கட்டினாங்க. பேர் லியோ. 1951 நவம்பர்ல பேக்கரி கணக்கு அதுல ஓட ஆரம்பிச்சது. பிறகு சம்பளக் கணக்கு. ஒரு கிளார்க் ஒரு ஆளோட சம்பளத்தைப் போட 8 நிமிஷம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடை ஆர்டர் விஷயம். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் மெஷின்ல ஏற்கெனவே இருக்கும். கடைப் பொறுப்பாளர் அம்மா போன்ல "இன்னைக்கு இது கூட, அது கம்மி"ன்னு மாற்றத்தை மட்டும் சொன்னா போதும். மெஷின் வர்றதுக்கு முன்னாடியே 1930-கள்ல இருந்து காகித வேலையை எப்படிக் குறைக்கலாம்னு அந்தக் கம்பெனி மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தது. அதனாலதான் இது சாத்தியமாச்சு.

லண்டன் கடையில ஊத்துன டீக்கு முன்னாடி ஒரு தேயிலைக் காடு இருக்குல்ல? கணக்கு அங்கேயேதான் ஆரம்பிக்குது. நம்ம நீலகிரியையே எடுத்துக்குவோம். காலையில பறிச்ச கொழுந்தை வாட விடாம, சூடேற விடாம ஃபேக்டரிக்குக் கொண்டு போகணும். சுமார் நாலு கிலோவுக்கு மேல பச்சைத் தேயிலை போட்டா ஒரு கிலோ டீத்தூள். காட்டுல ஒரு எடை, ஃபேக்டரியில ஒரு எடை, தூள் ஒரு கணக்கு, 1963-ல் ஆரம்பிச்ச குன்னூர் ஏலத்துல லாட் ஒரு கணக்கு. அந்த ஏல விலையை வச்சுத்தான் சிறு விவசாயியோட பச்சைத் தேயிலைக்கு டீ போர்டு மாசாமாசம் சராசரி விலை சொல்லுது. ஆக, ஒரு புத்தகம் பொய் சொன்னா அடி எங்கேயோ ஒரு தோட்டத்துல விழும்.

இதுல செக்ரோல்தான் என் ஏரியா. தொழிலாளிக்குப் பேர் விழுந்துச்சா இல்லையான்னு சொல்ற புத்தகம். கூலி, பி.எஃப்., லீவு எல்லாம் அதுல இருந்துதான். லியோ ஓட ஆரம்பிச்ச அதே 1951 நவம்பர்லதான் இந்தியாவுல தோட்டத் தொழிலாளர் சட்டமும் வந்தது (எஸ்டேட்டுல ஆஸ்பத்திரி வசதி, பிள்ளை மடுவம் எல்லாம் அது தந்தது). 1961-ல் மகப்பேறு சட்டம். இன்னைக்கு நிலவரம், பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தா சம்பளத்தோட லீவு.

ஏழாம் மாசம் செக்கப்புக்கு வந்த கொழுந்து பறிக்கிற பொண்ணு ஒருத்தி, "கணக்குல 74 நாள்தான் இருக்காம் சார்"னு சொன்னா. பி.பி. ஏறிக் கிடக்கு. ரெஸ்ட் எடும்மான்னு சொன்னா, "ஆறு நாள் குறையுதே"ங்கறா. விசாரிச்சா, பக்கத்து டிவிஷனுக்கு அனுப்பி வேலை வாங்கின ரெண்டு வாரம் அந்த டிவிஷன் புத்தகத்துல இருக்கு, இவ டிவிஷன் புத்தகத்துல ஏறல. ரெண்டையும் சேர்த்தா 80 தாண்டுது! ஈ.ஆர்.பி. எதுக்குன்னு யாராவது கேட்டா நான் லியோ கதையைச் சொல்றதில்ல, இதைத்தான் சொல்வேன்.

அதுக்காக சாப்ட்வேர் சாமி கிடையாது. தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிச்சுட்டு மீதியை மட்டும் டைப் பண்ணினா, கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை அழகா பிரிண்ட் எடுத்துத் தரும். தராசுல இருந்து எடை நேரா கணக்குல ஏறுற மெஷின் வந்தாச்சு. ஆபீஸ்ல கோடி ரூபாய் சாப்ட்வேரைப் போட்டுட்டு, காட்டுல பழைய தராசையே தொங்க விடுறது வெட்டிச் செலவுன்னுதான் நான் சொல்வேன்.

எஸ்டேட்ல வேலை செய்யற தங்கச்சிகளுக்கு ஒண்ணு: மூணாம் மாசமே ஆபீஸ்ல நாள் கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சம்பளத்தோட விட்ட பண்டிகை லீவும், வேலை இல்லைன்னு அவங்களே நிறுத்தி வச்ச லே-ஆஃப் நாளும் அந்த 80-ல் சேரும்.