வெறுங்கையின் வீரம்

பர்லியார் கடந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் யானை எதிர்ப்பட்டால், விவரமறிந்தவன் விலகி நிற்பான். அவனைக் கோழை என்பாரில்லை. தற்காப்புக் கலையின் முதற்பாடமும் அதுவே.

கராத்தேயின் வரலாறு இதற்குச் சான்று. இன்று ‘வெறுங்கை’ எனப் பொருள்படும் அக்கலை, ஓகினாவாத் தீவில் மறைவாகப் பயிலப்பட்டது. அதைப் பள்ளிகளுக்குக் கொணர்ந்த ஆசான் இடோசு ஆங்கோ, 1908-இல் எழுதிய கடிதத்தில், காயமின்றித் தப்புவதே அதன் பயன் என விளக்கினார். அவர் மாணாக்கரும் பள்ளி ஆசிரியருமான ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் தோக்கியோவில் அதை அறிமுகப்படுத்தினார். முந்திக்கொண்டு கைநீட்டலாகாது, வணக்கத்தில் தொடங்கி வணக்கத்திலேயே முடிய வேண்டும் என்பது அவர் போதனை.

நம் சிலம்ப ஆசான்களும் கம்பு சுழற்றுமுன் வணக்கமே கற்பித்தனர். சினம் அடக்காதவன் கற்ற கலை அவனுக்கே பகையாகும். பல்லாண்டு பயின்றவன் பெறும் பெரும் பேறு, அடிக்காமல் திரும்பிவரும் துணிவே.