உறையாத குருதியும் ஓயாத நடையும்

மருந்தொன்றின் வரலாறு பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்த மேதையின் பெயரோடு தொடங்கி, அவர் பெற்ற புகழோடு முடிந்துவிடுகிறது. இடையில் நின்ற மக்கள் மறக்கப்படுகின்றனர். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தை நாள்தோறும் உட்கொண்டு வாழ்வோர் இன்று நம்மிடையே பலர். அவர்களுக்கு வைத்தியர் கூறும் அறிவுரைகள் இரண்டு: மருந்தைத் தவறவிடாதீர்கள், உடலை அசைக்காமல் இருந்துவிடாதீர்கள். இவ்விரண்டும் யாருடைய உழைப்பால் நமக்குக் கிடைத்தன என்று ஆராயுமிடத்து, ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்ற பலரின் முகங்கள் தெரியவரும்.

நோயாளியைப் படுக்கையில் கிடத்துவதே சிகிச்சை என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்புக்கு ஆளானவர் ஆறு வாரங்கள் வரை அசையாது படுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இத்தனைக்கும், அசைவின்மையின் ஆபத்து அதற்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. 1848இல் பேர்லின் நகரத்துத் தெருத் தடையரண்களில் புரட்சியாளரோடு நின்ற மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ, நாளங்களில் தோன்றும் குருதிக் கட்டிகள் பெயர்ந்து சென்று நுரையீரலை அடைப்பதை விளக்கியிருந்தார். தேங்கும் குருதி உறையத் தலைப்படும். நடக்கும்போதோ, கெண்டைத் தசை சுருங்கிச் சுருங்கிக் குருதியை இதயம் நோக்கி மேலே தள்ளும். படுத்தே கிடந்தவர்களிற் சிலர், இதய நோய் தணிந்துவந்த வேளையில், காலிற் பிறந்த கட்டியால் மாண்டனர்.

கட்டியைத் தடுக்கும் மாத்திரை மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் சிறு காயத்துக்கும் குருதி நில்லாது இறந்தன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலே காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டறிந்தார். கொரிய மக்களின் விடுதலை இயக்கத்துக்குத் துணைநின்றவரும் இவரே. கெட்ட தீவனத்தை எறிந்துவிடுங்கள் என்று கூறுவது எளிது. பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்த சிறு விவசாயி வேறு தீவனத்துக்கு எங்கே போவான்? 1933 பெப்ரவரியில் விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்த கிடாரியையும், பாற்கலமொன்றில் உறையாத குருதியையும், கெட்ட வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே மடிசன் நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அவர் கண்டது உயிரிரசாயன அறிஞர் கார்ல் போல் லிங்க்கை.

அக்கேள்விக்கு விடை காண ஆறாண்டுகளுக்கு மேல் சென்றன. 1939இல் நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. டைகூமரோல் என்று அது பெயர் பெற்றது. அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிப் பாஷாணமாகச் சந்தைக்கு வந்தது. 1951இல் அதை உட்கொண்ட அமெரிக்கப் படைவீரர் ஒருவர் வைற்றமின் கே சிகிச்சையால் குணமடைந்தார். அதன் விளைவுக்கு மாற்று உண்டு என்பது மனிதரிடத்தும் தெளிவாயிற்று. 1954இல் வார்பரின் மனிதருக்குரிய மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மக்கார்த்தியின் வேட்டை நடந்த அக்காலத்தில், மாணவரின் கார்ல் மார்க்ஸ் விவாதக் கழகத்துக்கு ஆசிரியப் பொறுப்பாளராக நிற்க லிங்க் அஞ்சவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத் தக்கது.

மற்றைய அறிவுரை இலண்டன் பஸ் வண்டியிற் பிறந்தது. ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர், இலண்டன் போக்குவரத்துச் சேவையில் உழைத்த சுமார் 31,000 ஆண்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளை விட, இரட்டைத் தட்டு பஸ்ஸின் படிகளில் ஏறியிறங்கிய நடத்துனரிடையே இதய நோய் குறைவாயிருந்தது. நோய் வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. நடத்துனர் ஒருவர் ஒரு நாளில் ஏறிய படிகள் ஐந்நூறுக்கு மேல்! சீட்டுக் கிழித்துக்கொடுத்த தொழிலாளியின் கால்களே மருத்துவ உலகுக்கு இப்பாடத்தைப் போதித்தன.

இரண்டு பாடங்களும் 1955இல் ஒரு கட்டிலருகே சந்தித்தன. மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு வார்பரின் கொடுக்கப்பட்டது. அவருடைய மருத்துவர் போல் டட்லி வைற், நடையையும் சைக்கிளோட்டத்தையும் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர்; நீண்ட படுக்கைக் காலத்தை அவர் விரும்பவில்லை. ஜனாதிபதி எழுந்தார், நடந்தார், மறு ஆண்டு தேர்தலிலும் வென்றார். விவசாயியின் பாற்கலமும் நடத்துனரின் படிகளும் முதலிற் பேருதவி புரிந்தவர்களுள் ஒருவர் வெள்ளை மாளிகைக்காரர் என்பதில் ஒரு நகைப்பு இல்லாமலில்லை.

இம்மருந்தை உண்பவர் எதைச் செய்யலாம்? நடக்கலாம், நீந்தலாம், மெல்லிய தேகாப்பியாசம் செய்யலாம். மோதலும் வீழ்ச்சியும் உள்ள விளையாட்டே ஆகாது. ஹெவ்லொக் பார்க் மைதானத்தைச் சுற்றி நடப்பது நன்று. அம்மைதானத்தில் நடக்கும் ரக்பி ஆட்டத்திற் புகுவது தீது. தலையில் அடிபட்டால், வெளியே குருதி தெரியாவிடினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வைத்தியரைக் கேளாது அஸ்பிரின் முதலியவற்றைச் சேர்த்து உண்ணலாகாது. கீரையை விலக்கவேண்டியதில்லை, ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் இல்லாமலும் உண்பதே கூடாது. வார்பரின் உண்போர் ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையை ஒழுங்காகச் செய்விக்கவேண்டும். பலருக்கு அந்த அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருத்தல் வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர் சிலருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இவ்வளவும் பேணினால், அச்சத்தால் கதிரையோடு ஒடுங்கவேண்டிய தேவை அநேகருக்கு இல்லை.

ஆனால் "நடவுங்கள்" என்ற சொல் எல்லார் காதிலும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி ஆதர் ஹெவ்லொக்கின் பெயர் தாங்கிய ஹெவ்லொக் டவுனையே எடுத்துக்கொள்வோம். விஸ்கொன்சின் விவசாயி புயலிற் பயணம் செய்த அதே 1933இல், இங்கே வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களோடு நின்றனர். அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் வானளாவுகின்றன. அம்மாடிகளில் வாழ்பவர் மாலையில் நடப்பது ஆரோக்கியம். அவற்றைக் கட்டச் சாரத்தில் ஏறியவர் நடப்பது பிழைப்பு. செயற்கை இதய வால்வோடு வார்பரின் உண்ணும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அசைவு போதாது என்பதன்று கவலை. தவறி வீழ்ந்தால் என்னாகும் என்பதே கவலை. வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலோ நெருக்கடியான குடியிருப்புகளை நாடி வரும் நோய். புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டியதில்லை என்பர். அவை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு உதவா. ஆகவே, சோதனைக்காக அவர் வைத்தியசாலையில் காத்திருக்கும் நாள் கூலி இழந்த நாள்.

இந்த உண்மையை உணர்ந்த மருத்துவர்கள் நம் நாட்டில் இருந்தனர். பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, மருந்துக் கம்பனிகளின் வியாபாரப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரையும், சிதறிய இறக்குமதிக்குப் பதிலாக அரசின் மொத்தக் கொள்வனவையும் முன்வைத்தது. அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வழியிற் பிறந்தது. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அவர் எழுப்பிய வினாவின் கூர்மையை நாடு மீண்டும் உணர்ந்தது. நாள் தவறாது உண்ணவேண்டிய மாத்திரை, நோயாளியின் ஒழுக்கத்தை மட்டும் நம்பியதன்று. நாட்டின் கொள்கையையும் நம்பியது.

குருதி தேங்கினால் உறையும், அறிவும் அவ்வாறே. உழைப்பாளரின் உடலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் பெற்ற அறிவு, அடுக்குமாடியின் உயரத்திலேயே தேங்கிவிடலாகாது. அருகில் ஒரு சோதனை நிலையம், சோதனை நாளுக்குக் கூலியோடு விடுப்பு, வீழாமல் வேலை செய்யப் பாதுகாப்பு, முதியவர் தடுக்கி விழாத நடைபாதை என்பன சலுகைகள் அல்ல. அம்மக்களுக்கு நாம் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றை வகுப்பறையிற் பேசுவோமாயின், அக்கடனைக் கேட்டுப் பெறும் குரலும் அங்கிருந்து எழும்.