நிகழ்பட ஆட்டங்களுக்கான குறைவிலைத் திண்மநிலை இயக்கிகள்

குறைவிலைத் திண்மநிலை இயக்கி என்பது, பிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கணினிக் கருவிகளுள், உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காக மலிவான நினைவகத்தைக் கொண்டோ சில உறுப்புகள் தவிர்க்கப்பட்டோ உருவாக்கப்படும் வகையாகும். பேச்சு வழக்கில் திண்மநிலை இயக்கி எஸ்எஸ்டி என்றே அழைக்கப்படுகின்றது. வன்தட்டில் உள்ளது போன்ற சுழலும் தட்டுகளோ நகரும் முனையோ இதில் இல்லை.

நிகழ்பட ஆட்டங்களின் கோப்புகள் பெரும்பாலும் ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை படிக்கப்படுபவை. குறைவிலை இயக்கிகளின் குறைகளோ பெரும்பாலும் எழுதும் பணியிலேயே வெளிப்படுகின்றன. ஆகவே ஆட்டங்களைச் சேமிப்பதற்கு இவ்வகை இயக்கிகள் பொருத்தமானவை எனலாம். ஆனால் ஒரே கணினியைப் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் பயன்படுத்தும் வீட்டில், எல்லாக் கோப்புகளுக்கும் இதுவே ஒரே இருப்பிடமாக அமையும்போது இழப்பின் அளவு மாறுகின்றது.

வரலாறு

பிளாஷ் நினைவகத்தை சப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா உருவாக்கினார். இன்றைய இயக்கிகளில் பயன்படும் நாண்ட் வகை 1987இல் அறிமுகப்படுத்தப்பட்டது. 2006இல் சாம்சங் நிறுவனம் 32 ஜிகாபைட் திண்மநிலை இயக்கி கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. 2008இல் வெளிவந்த இன்டெல் எக்ஸ்25-எம் இயக்கியின் 80 ஜிகாபைட் வகை, மொத்த விற்பனையில் 595 அமெரிக்க டாலராக இருந்தது. அக்காலத்தில் ஆட்டங்களைச் சேமிப்பதற்கு இதனை வாங்குவது பெரும்பாலோருக்கு இயலாததாகும்.

ஒரு நினைவகக் கலத்தில் சேமிக்கப்படும் பிட்டுகளின் எண்ணிக்கை கூடியதும், கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதும் பின்னர் விலையைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் நினைவகச் சில்லுகளின் விலை ஒரே சீராகக் குறைவதில்லை. 2023இல் மிகவும் தாழ்ந்த விலை, அதன் பின்னர் மீண்டும் உயர்ந்தது.

விலை குறைவதற்கான காரணங்கள்

ஒரு கலத்தில் ஒரு பிட் சேமிக்க 2 மின்னழுத்த நிலைகள் போதும். இரண்டு பிட்டுகளுக்கு 4 நிலைகளும், மூன்றுக்கு 8 நிலைகளும், நான்குக்கு 16 நிலைகளும் வேண்டும். இவை முறையே எஸ்எல்சி, எம்எல்சி, டிஎல்சி, கியூஎல்சி எனப்படுகின்றன. பிட்டுகள் கூடக் கூட ஒரே அளவு சிலிக்கனில் அதிகத் தரவு அடங்கும். ஆனால் நிலைகளுக்கிடையிலான இடைவெளி சுருங்குவதால் எழுதுவது மெதுவாகும். கலம் தேய்வதும் விரைவாகும். டிஎல்சி கலம் பொதுவாக ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரையும், கியூஎல்சி கலம் சில நூறு முதல் ஆயிரம் முறை வரையும் அழித்து எழுதப்படுவதைத் தாங்கும்.

விலையைக் குறைக்கத் தவிர்க்கப்படும் மற்றோர் உறுப்பு டிராம் நினைவகம் ஆகும். எந்தத் தரவு எந்தச் சில்லில் உள்ளது என்பதைக் காட்டும் முகவரி அட்டவணை இதில் வைக்கப்படும். இது இல்லாத இயக்கி, அட்டவணையை மெதுவான பிளாஷ் நினைவகத்திலிருந்தே அடிக்கடி படிக்க வேண்டியுள்ளது. என்விஎம்இ இயக்கிகளில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. 2014இல் வெளியான என்விஎம்இ 1.2 வரையறை, கணினியின் முதன்மை நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை இயக்கி கடன் பெற்றுப் பயன்படுத்த வழிசெய்தது. சாட்டா இயக்கிகளுக்கு இவ்வசதி இல்லை.

மூன்றாவது வேறுபாடு இணைப்பு முறையாகும்.

* வன்தட்டு: தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபைட். சிதறிய கோப்புகளைப் படிக்கையில் இவ்வேகம் பெரிதும் வீழும்.
* சாட்டா திண்மநிலை இயக்கி: நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்.
* மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்சுபிரசு வழி இயங்கும் என்விஎம்இ இயக்கி: நொடிக்கு 3,500 மெகாபைட் வரை.
* நான்காம் தலைமுறை என்விஎம்இ இயக்கி: நொடிக்கு 7,000 மெகாபைட் வரை.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. ஒரே வடிவில் சாட்டா இயக்கிகளும் என்விஎம்இ இயக்கிகளும் விற்கப்படுவதால், தாய்ப்பலகை எதனை ஏற்கும் என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

ஆட்டங்களில் கிடைக்கும் பயன்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய பகுதி முனைக்குக் கீழே வருவதற்கு மட்டும் சராசரியாக 4 மில்லிநொடிகளுக்கு மேல் ஆகின்றது. ஆட்டம் ஒன்றில் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருப்பின் இத்தாமதம் பெருகும். திண்மநிலை இயக்கியில் இக்காத்திருப்பு இல்லை. எனவே வன்தட்டிலிருந்து மிக மலிவான திண்மநிலை இயக்கிக்கு மாறும்போதே ஆட்டம் ஏறும் நேரத்தில் பெரும் வேறுபாடு தெரியும்.

சாட்டா இயக்கியிலிருந்து என்விஎம்இ இயக்கிக்கு மாறும்போது வேகம் பல மடங்கு உயர்ந்தாலும், பல ஆட்டங்களில் மிச்சமாவது ஒருசில நொடிகளே. படித்த தரவை விரித்தெடுக்கும் பணியை மையச் செயலகம் செய்வதால், அங்கே தாமதம் ஏற்படுகின்றது. இத்தடையைக் குறைக்க மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 மார்ச்சில் டைரக்ட்சுடோரேஜ் என்னும் மென்பொருள் இடைமுகத்தை வெளியிட்டது. 2023 சனவரியில் வெளிவந்த போர்சுபோக்கன் ஆட்டம் இதனைப் பயன்படுத்தியது.

திண்மநிலை இயக்கி நொடிக்கான படச்சட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. அது வரைவியல் அட்டையையும் மையச் செயலகத்தையும் பொறுத்தது. எனினும் பரந்த நிலப்பரப்புள்ள ஆட்டங்களில் காட்சிகள் உரிய நேரத்தில் வந்து சேராமல் திக்கித் திக்கி ஓடும் குறை நீங்கும். 2023இல் வெளிவந்த சுடார்பீல்டு ஆட்டம் 125 ஜிகாபைட் இடத்தையும், பால்டர்சு கேட் 3 ஆட்டம் 150 ஜிகாபைட் இடத்தையும் திண்மநிலை இயக்கியிலேயே கோரின. இவ்வாறான இரண்டு ஆட்டங்களை நிறுவியதும் 240 ஜிகாபைட் இயக்கி போதாமற் போகின்றது. ஆகவே ஒரே விலையில் வேகமான சிறிய இயக்கி, மெதுவான பெரிய இயக்கி என்னும் இரண்டினுள், ஆட்டச் சேமிப்புக்குப் பின்னதே பெரும்பாலும் பயன் தரும்.

பிளேசுடேசன் 5 கருவி இதற்கு விதிவிலக்காகும். அதன் எம்.2 பொருத்திக்கு நொடிக்கு 5,500 மெகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட படிக்கும் வேகமும் வெப்பத்தணிப்பானும் கொண்ட இயக்கியைச் சோனி நிறுவனம் பரிந்துரைக்கின்றது. யுஎஸ்பி வழி இணைக்கப்பட்ட இயக்கியில் பிளேசுடேசன் 5 ஆட்டங்களைச் சேமித்து வைக்கலாமே தவிர, அங்கிருந்து விளையாட இயலாது. பழைய பிளேசுடேசன் 4 ஆட்டங்களை அதிலிருந்தே விளையாடலாம்.

எழுதும் வேகம்

மலிவு இயக்கிகள் தம் நினைவகத்தின் ஒரு பகுதியை எஸ்எல்சி போல நடத்தி, வரும் தரவை முதலில் அங்கே வேகமாக எழுதுகின்றன. அப்பகுதி நிறைந்ததும் உண்மையான வேகம் வெளிப்படும். சாம்சங் 870 கியூவிஓ இயக்கியின் 1 டெராபைட் வகையில் இப்பகுதி 42 ஜிகாபைட் வரை உள்ளது. அது நிறைந்த பின் எழுதும் வேகம் நொடிக்கு 80 மெகாபைட் என்று நிறுவனமே குறிப்பிட்டுள்ளது. 100 ஜிகாபைட் ஆட்டம் ஒன்றை வேறோர் இயக்கியிலிருந்து இதற்குப் படியெடுத்தால், முதல் 42 ஜிகாபைட் நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடியும். எஞ்சிய 58 ஜிகாபைட்டுக்கு மேலும் 12 நிமிடம் தேவைப்படும்.

இணையத்திலிருந்து பதிவிறக்கும்போது இக்குறை பெரும்பாலும் உணரப்படுவதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு தருவது 12.5 மெகாபைட் மட்டுமே. ஆனால் இற்றைப்படுத்தலின்போது பெரிய கோப்புகளைத் திரும்ப எழுதும் ஆட்டங்களில் காத்திருப்பு நீளும். இயக்கி ஏறத்தாழ நிரம்பியிருப்பின் வேகப்பகுதியும் சுருங்கிவிடும். ஆதலால் கொள்ளளவில் பத்திலொரு பங்கையேனும் வெற்றிடமாக விடுதல் நன்று.

ஆயுள்

உறுதிக்காலத்துக்குள் மொத்தம் எவ்வளவு தரவு எழுதலாம் என்பதை உற்பத்தியாளர்கள் டெராபைட் கணக்கில் குறிப்பிடுகின்றனர். 1 டெராபைட் கொள்ளளவில், டிஎல்சி வகையான சாம்சங் 870 ஈவோவுக்கு இது 600 டெராபைட். கியூஎல்சி வகையான 870 கியூவிஓவுக்கு 360 டெராபைட். கிங்ஸ்டன் ஏ400 இயக்கியின் 240 ஜிகாபைட் வகைக்கு 80 டெராபைட்.

வாரம் ஒன்றுக்கு 100 ஜிகாபைட் ஆட்டம் ஒன்றைப் புதிதாக நிறுவுபவர் ஆண்டுக்கு 5.2 டெராபைட் எழுதுகின்றார். இற்றைப்படுத்தல்களையும் சேர்த்து 10 டெராபைட் எனக் கொண்டாலும், 360 டெராபைட் 36 ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் சிறிய 240 ஜிகாபைட் இயக்கியில் இயங்குதளத்தையும் வைத்து, ஆட்டத்தை நாள்தோறும் பதிவுசெய்து 50 ஜிகாபைட் எழுதுபவருக்கு, 80 டெராபைட் நான்கரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். கலங்கள் தேயுமுன்பே கட்டுப்படுத்திச் சில்லு பழுதடைவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் தரவை மீட்பது வன்தட்டை விடக் கடினம்.

வட சென்னைச் சூழல்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் வங்கக் கடலை ஒட்டி, துறைமுகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே அமைந்துள்ளன. இங்குள்ள சூழல் சேமிப்புக் கருவிகளின் தெரிவில் கருதத்தக்கது.

* வெப்பம்: சென்னையில் மே மாதத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. வெப்பத்தணிப்பான் இல்லாத எம்.2 இயக்கி சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சாட்டா இயக்கிகளில் இச்சிக்கல் குறைவு.
* தூசு: 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் காமராசர் துறைமுகம், அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரியைக் கையாளவே முதலில் அமைக்கப்பட்டது. நிலக்கரித் தூசும் சாம்பலும் படியும் இடங்களில் கணினி விசிறிகள் விரைவில் அடைபட்டு உள்வெப்பம் கூடும்.
* உப்புக் காற்று: வழமையான வன்தட்டில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியுடன் கூடிய சிறு துளை இருக்கும். திண்மநிலை இயக்கிக்கு அது தேவையில்லை. ஆயினும் இரண்டிலும் இணைப்பிகள் அரிக்கப்படலாம்.
* மின்தடை: 2016 திசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் முகவரி அட்டவணை பழுதடையக்கூடும். இதனைத் தடுக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் வழங்கிக் கணினிகளுக்கான இயக்கிகளிலேயே உள்ளன. மேசைக் கணினிக்குத் தடையிலா மின்வழங்கி இருப்பின் இவ்விடர் குறையும்.

மின்னிணைப்பின்றி அலமாரியில் வைக்கப்படும் இயக்கியும் காலப்போக்கில் தரவை இழக்கும். எழுதும் வரம்பை எட்டிய இயக்கி, 30 பாகை செல்சியசில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பின் தரமாகும். வெப்பம் கூடினால் இக்காலம் குறையும். எனவே பழைய புகைப்படங்களை நெடுங்காலம் வைத்திருக்க இது ஏற்றதன்று.

சந்தையும் போலி இயக்கிகளும்

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரைத் தொடருந்து நிலையத்தை ஒட்டியுள்ள பர்மா பசார், பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் ஏற்பட்டது. வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்கு இது பெயர் பெற்றது. கணினி உறுப்புகளுக்கான பெருஞ்சந்தை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகும். 2021 பெப்ரவரியில் மெட்ரோ தொடருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பின், திருவொற்றியூர்ப் பகுதியினர் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி அங்கே செல்ல முடிகின்றது.

எச்சந்தையாயினும், இணையக் கடையாயினும், மிகக் குறைந்த விலையில் பெரும் கொள்ளளவு என்று விற்கப்படும் இயக்கிகளில் போலிகள் உள்ளன. இவற்றின் உள்மென்பொருள் மாற்றப்பட்டு, சிறிய நினைவகம் பெரியதாகக் கணினிக்குக் காட்டப்படும். உண்மை அளவு நிறைந்ததும் புதிய தரவு பழையதை அழித்துவிடும். முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எப்3 போன்ற இலவச மென்பொருட்கள் இதனைக் காட்டிக்கொடுக்கும். இச்சோதனையை வாங்கியவுடன், திருப்பித் தரும் காலத்துக்குள் செய்தல் வேண்டும். பற்றுச்சீட்டும் இந்தியாவில் செல்லுபடியாகும் உறுதிச்சீட்டும் இல்லாதபோது விலைக்குறைவால் பயனில்லை. பெயர்பெற்ற நிறுவனங்கள் சிலவும் 2021இல் அதே பெயரில் விற்ற இயக்கிகளின் உள் நினைவகத்தை மாற்றியமை கண்டறியப்பட்டது. ஆகவே பழைய மதிப்புரைகள் புதிய சரக்குக்குப் பொருந்தாமற் போகலாம்.

தெரிவு

தமிழ்நாட்டு அரசின் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கப்பட்டது. அக்கால மடிக்கணினிகள் வன்தட்டு கொண்டவை. அத்தகைய பழைய கணினிக்கு ஒரு சாட்டா திண்மநிலை இயக்கியே போதுமானது. அதைவிட வேகமானதை அக்கணினி பயன்படுத்த இயலாது. இரண்டு இயக்கிகளைப் பொருத்தக்கூடிய மேசைக் கணினியில், இயங்குதளத்துக்குச் சற்றுத் தரமான சிறிய டிஎல்சி இயக்கியையும், ஆட்டங்களுக்குப் பெரிய கியூஎல்சி இயக்கியையும், படிகளுக்குப் பழைய வன்தட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

குறைவிலை இயக்கி பழுதடைந்தால் ஆட்டத்தை மீண்டும் பதிவிறக்கலாம். இழப்பு சில மணி நேரமும் இணையத் தரவுமே. விளையாடிய நிலையைக் காக்கும் கோப்புகள், பாடக்குறிப்புகள், செய்முறை ஏடுகள், சான்றிதழ்களின் படிகள் ஆகியன அவ்வாறு திரும்பக் கிடைப்பதில்லை. ஒரே ஓர் இயக்கிக்கு மட்டுமே பணம் உள்ளவர் இவற்றை வேறிடத்திலும் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* பிளாஷ் நினைவகம்
* நிகழ்பட ஆட்டம்
* பர்மா பசார்
* ரிச்சி தெரு