பன்னீர் திராட்சையின் பிறப்புச் சான்றிதழ்

மரபின் கதை – 11

1865 பிப்ரவரி 8. பிர்னோ நகரத்து இயற்கை அறிவியல் சங்கக் கூட்டத்தில் துறவி மெண்டல் தன் பட்டாணிக் கணக்கின் முதல் பாதியை வாசித்துவிட்டு மடத்துக்குத் திரும்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் 1900. டி விரீஸ், கோரன்ஸ், ஷெர்மாக் என்று மூன்று பேர் ஒரே ஆண்டில் மெண்டலைத் தூசி தட்டி எடுத்த கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வாக்கைக் கெடுத்தது அரைக் கிலோ திராட்சை.

திங்கட்கிழமை மாலை பழனிசெட்டிபட்டியில், கம்பம் ரோட்டோரம் ஒரு தள்ளுவண்டி. கறுப்பும் ஊதாவும் கலந்த கொத்துகள், மேலே வெண்ணிறத்தில் மாவு படிந்தாற்போல ஒரு பூச்சு. "பன்னீரு சார், சுருளிப்பட்டிப் பழம், காலையிலதான் அறுத்தது" என்றார் வண்டிக்கார அம்மா. ஒன்றை வாயில் போட்டு விதையைத் துப்பும்போது சும்மா கேட்டேன்: "இதை ஊனி வச்சா முளைக்குமாக்கா?"

"முளைக்கும் சார். ஆனா பன்னீரா வராது. குச்சிதான் ஊனணும்."

பத்து வாரமாக நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும் விஷயத்தை அந்த அக்கா மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் 1900ஐ மூடி வைத்தேன்.

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமெல்லாம் இத்தொடரைப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்நேரம் மனப்பாடமாகியிருக்கும். முல்லைப் பெரியாற்றையும் பென்னிகுவிக்கையும் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நேரே பழத்துக்குப் போய்விடுவோம்.

ஒரு பழத்தை விரலால் அழுத்துங்கள். தோல் தனியாக, சதை தனியாக வழுக்கிக்கொண்டு வரும். சதையில் கறுப்பே கிடையாது, வெளிறிய பச்சை. நிறம் முழுக்கத் தோலில். உள்ளே இரண்டு மூன்று விதை. மூக்கருகே கொண்டுபோனால் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் வாசம். தோலின் நிறத்துக்கும் மூக்கில் ஏறும் மணத்துக்கும் தனித்தனியே வம்சாவளி உண்டு. அதைச் சொல்வதற்குமுன் ஊரறிந்த கதை ஒன்றைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வந்த செய்திகளிலெல்லாம் ஒரு வரி தவறாமல் இருந்தது: இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர், ஈரத்துணி சுற்றிய குச்சிக்கட்டு, பாய்மரக் கப்பல். நானும் இரண்டு மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

கைதட்டைத் திருப்பித் தர வேண்டிய நிலைமை. பன்னீர் திராட்சைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெயரில் ஜெர்மனி நகரம் இருந்தாலும் அது பிறந்தது இங்கிலாந்தில், பெட்ஃபோர்ட்ஷயரில், ரெஸ்ட் பார்க் என்ற மாளிகையின் தோட்டத்தில். டி கிரே பிரபுவின் மாளிகை அது. ஆனால் பிரபுவை விடுங்கள். நம் ஆள் அங்கே தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்னோ.

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபுக்களுக்குத் திராட்சை ஒரு கௌரவப் பிரச்சினை. குளிர் நாட்டில் கண்ணாடி வீடு கட்டி, அடுப்பு மூட்டிச் சூடேற்றி, விருந்து மேசையில் கொத்துக் கொத்தாகப் பழம் வைத்தால்தான் மதிப்பு. கறுப்பு வேண்டுமென்றால் பிளாக் ஹாம்பர்க். கொத்து பெரிது, காய்ப்பு உறுதி, மணம்தான் இல்லை. மணம் வேண்டுமென்றால் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. பச்சைப் பழம், தேன் மணம். ஸ்னோ இரண்டையும் கலந்தார். ஏறக்குறைய 1850.

கலப்பது என்றால் என்ன வேலை தெரியுமா? திராட்சைப் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இதழ்கள் விரியாது, ஐந்தும் சேர்ந்து தொப்பிபோல மூடியிருந்து, மொத்தமாகக் கழன்று விழும். விழும் நேரத்தில் தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டுவிடும். கலப்புச் செய்பவர் அதற்கு முந்திக்கொண்டு தொப்பியை இடுக்கியால் கழற்றி, மகரந்தப் பைகள் ஐந்தையும் கிள்ளியெறிந்து, சூல்முடிமேல் மற்றக் கொடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஒரு பூவுக்கு இவ்வளவு. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ. அப்புறம் விதை எடுத்து, ஊன்றி, கொடியாக்கி, பழம் பார்க்க வருடக் கணக்காகும். மெண்டல் பட்டாணிப் பூவில் இதே வேலையைச் செய்யத் தொடங்கியது 1856இல். ஸ்னோவுக்கு விதி தெரியாது, விகிதம் தெரியாது. கை தெரியும், நாக்கு தெரியும். இத்தொடரில் இதுவரை வந்த பேராசிரியர்கள் பலரைவிட இந்தத் தோட்டக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது கணக்கைப் போடுங்கள். ரகம் பிறந்தது சுமார் 1850. நம் ஊருக்கு வந்ததாகச் சொல்லப்படுவது 1832. பிள்ளை பிறப்பதற்குப் பதினெட்டு வருடம் முன்னாலேயே ஊர்வலம் நடத்தியிருக்கிறோம்! பாதிரியார் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் ஏதோ ஒரு திராட்சையைக் கொண்டுவந்திருக்கலாம். பின்னால் வந்த மஸ்கட் ஹாம்பர்க் பந்தலைப் பிடித்துக்கொண்டபோது பழைய கொடியின் கதையும் புதுக் கொடிமேல் ஏறியிருக்கலாம். இது என் ஊகம். தேதியும் ரகமும் ஒன்றாக நிற்காது என்பது மட்டும் ஊகமில்லை.

"ஸ்னோ சொன்னதை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்பீர்கள். நியாயம். அதற்குத்தான் சாட்சியைக் கொடிக்குள்ளிருந்தே கூப்பிடுகிறோம்.

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட சுவடி என்று முன்பே பார்த்தோம். அந்தச் சுவடியில் சில இடங்களில் இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும்: ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ. பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் கண்டக்டர் "கம்பம் கம்பம் கம்பம்" என்று கூவுவதுபோல. ஒரு கண்டக்டர் நாலு தரம் கூவுவார், இன்னொருவர் ஒன்பது தரம். எத்தனை தரம் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் மாறாமல் இறங்கும். ஒவ்வோர் இடத்துக்கும் பிள்ளையிடம் இரண்டு எண்ணிக்கை இருக்கும், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. உதாரணத்துக்கு, ஒரு பக்கம் 12, 15. மறுபக்கம் 10, 18. பிள்ளையிடம் 15, 10 இருந்தால் பொருந்துகிறது. 12, 15 இருந்தால் மறுபக்கம் பொய். இப்படிப் பல இடங்களில் பார்த்து, எல்லா இடத்திலும் பொருந்தினால் உறவு உறுதி. நீதிமன்றத்தில் தகப்பன் யாரென்று தீர்ப்பதும் இதே முறைதான்.

திராட்சையில் இந்த வித்தையை முதலில் பெரிதாகக் காட்டியது 1997இல் அமெரிக்காவின் டேவிஸில். ஜான் பவர்ஸும் கேரல் மெரிடித்தும் உலகின் பெருமை பிடித்த கேபர்னே சாவிஞோன் ரகத்தின் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று கறுப்பு, இன்னொன்று வெள்ளை. ஒயின் உலகம் ஆடிப்போனது. 2003இல் இத்தாலியின் மன்னா கிரெஸ்பன் மஸ்கட் ஹாம்பர்க்கைச் சோதித்தார். பெற்றோர்: ஸ்கியாவா குரோசா, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. ஸ்கியாவா குரோசா என்பது பிளாக் ஹாம்பர்க்கின் இத்தாலியப் பெயர்தான். தோட்டக்காரர் ஸ்னோ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிளாக் ஹாம்பர்க் கொடி ஒன்று 1768இல் லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடப்பட்டது. இன்றும் காய்க்கிறது. கம்பத்துப் பழத்தின் பெற்றோர் ரகத்தை அங்கே நேரில் பார்க்கலாம், டிக்கெட் உண்டு.

இனி நிறம். 2004இல் ஜப்பானின் கோபயாஷி குழு ஒன்றைக் காட்டியது. திராட்சைத் தோலில் கறுப்பு ஏற, நிறமி உண்டாக்கும் வேலையை முடுக்கிவிடும் ஒரு மரபணு தேவை. பச்சைத் திராட்சைகளில் அந்த மரபணுவின் வாசலில், 10 ஆயிரம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஒரு தாவும் துண்டு வந்து குந்தியிருக்கிறது. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டுபிடித்து, நோபல் பரிசுக்கு 1983 வரை காத்திருந்தாரே, அந்தத் தாவும் மரபணுக் கூட்டத்தைச் சேர்ந்தது. வாசலை அடைத்தால் மரபணு வேலை செய்யாது, தோல் பச்சை. இரண்டு பிரதியும் அடைபட்டால்தான் பச்சை. ஒன்று திறந்திருந்தாலும் கறுப்பு. மெண்டலின் ஓங்கு, ஒடுங்கு என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது: ஒடுங்கு பண்பு என்பது பல நேரங்களில் வேலை செய்யாத பிரதி, அவ்வளவுதான்.

அப்படியானால் பன்னீர்? ஒரு பெற்றோர் பச்சை. ஆகவே அடைபட்ட பிரதி ஒன்று கட்டாயம் இதனுள் இருக்கிறது. ஆதாரம் உண்டா? உண்டு. 1911இல் இத்தாலியின் ஆல்பெர்ட்டோ பிரோவானோ, மஸ்கட் ஹாம்பர்க்கை பிகான் என்ற வெள்ளை ரகத்தோடு கலந்தார். பிறந்த 'இத்தாலியா' ரகம் வெள்ளை. கறுப்புக்குள் பதுங்கியிருந்த வெள்ளை வெளியே வந்துவிட்டது. மெண்டல் பச்சைப் பட்டாணியில் பார்த்ததும் இதுதான்.

மணத்துக்கு வருவோம். திராட்சையின் மரபுச் சுவடி முழுதையும் 2007இல் படித்தார்கள். 19 ஜோடிக் குரோமோசோம், ஏறக்குறைய 50 கோடி எழுத்து. மணத்தின் ரகசியம் அதில் ஒரே ஓர் எழுத்து. மூன்றெழுத்து சேர்ந்தால் ஓர் அமினோ அமிலத்துக்கு ஆணை என்பது தெரியும். மஸ்கட் வகைகளில் ஒரு நொதியின் 284ஆம் இடத்தில் ஏஏஜி என்று இருக்க வேண்டியது ஏஏடி என்று ஆகியிருக்கிறது. லைசின் வரவேண்டிய இடத்தில் அஸ்பரஜின். நொதி கூடுதலாக வேலை செய்கிறது; லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் பெருகுகின்றன. இதற்கு ஒரு பிரதி போதும். பிளாக் ஹாம்பர்க்கில் இந்த மணம் கிடையாது. எனவே நம் பழத்துக்கு அது வந்தது அலெக்சாண்டிரியா பக்கத்திலிருந்து. நிறம் ஒரு வீடு, மணம் இன்னொரு வீடு.

இதில் இன்னொன்று: ரோஜா மணத்திலும் ஜெரானியால் உண்டு. பன்னீர் ரோஜாவிலிருந்து வடித்தது. இந்தப் பழத்துக்குப் 'பன்னீர்' என்று பெயர் வைத்த யாரோ ஒரு விவசாயியிடம் ஆய்வுக்கூடம் இல்லை, மூக்கு இருந்தது. 1832 என்ற தேதியைவிட அந்த மூக்கின் சாட்சியம் எனக்குப் பெரிது.

இப்போது அக்காவின் மூன்று வாக்கியம் புரிந்திருக்கும். விதைக்குள் சீட்டு மறுபடி குலுக்கப்படுகிறது. திறந்த பிரதியா, அடைபட்ட பிரதியா, ஜி எழுத்தா, டி எழுத்தா என்பது ஒவ்வொரு விதைக்கும் வேறு. குச்சியில் குலுக்கல் இல்லை. ரெஸ்ட் பார்க்கில் முளைத்த அந்த ஒரே நாற்றைத்தான் வெட்டி வெட்டி உலகெங்கும் ஊன்றியிருக்கிறார்கள். ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருப்பவர்களை விட்டுவிட்டால், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பன்னீர்ப் பந்தல்கள் அத்தனையும் ஒரே கொடியின் கிளைகள். எல்லாப் பந்தலும் ஒரே ருசி தருவது அதனால்தான். மழைக் காலத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தால் எல்லாப் பந்தலும் ஒரே மாதிரி சுருள்வதும் அதனால்தான். உருவொத்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்குள்ள பலவீனம் மற்றவருக்கும் இருக்குமே, அதேபோல.

மூனிக் பேராசிரியர் நேகெலியைப் பற்றி எழுத இடமில்லாமல் போய்விட்டது. மெண்டல் கடிதம் மேல் கடிதம் எழுதியும் விளங்கிக்கொள்ளாமல், பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை வைக்கும் ஹாக்வீட் செடியில் அவரை மேலும் இறக்கிவிட்டவர். என் கணக்கில் இத்தொடரின் வில்லன். அடுத்த வாரம் 1900க்குள் போகும் வழியில் அவரையும் கவனிப்போம்.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பன்னீர் பழம் தின்றால் விதையைத் துப்பிவிடாதீர்கள். ஒரு தொட்டியில் ஊன்றிப் பாருங்கள். பூ தன் மகரந்தத்தையே பூசிக்கொண்டிருந்தால், தப்பிப் பிழைத்துக் காய்க்கும் கொடிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று பச்சைப் பழம் தர வேண்டும். பல கொடி நோஞ்சானாக இருக்கும். பழம் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். மெண்டல் எட்டு வருடம் எண்ணினார்.