எழுத்தறியாத பெண்கள் எழுதிய வரலாறு



வகுப்பில் பானிப்பட்டுப் போர்களுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். பிரசவத்தில் இறந்த தாய்மார்களுக்கு ஒரு பீரியடுகூட ஒதுக்கியதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கடனில் கொஞ்சம் இன்று அடைக்கிறேன்.

நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர் தம்பதி ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே. 1960களில் மகாராஷ்டிரத்தில் வடாலா என்ற ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். எப்போதும் கூட்டம். ஆனால், குணமாகிப் போன குழந்தை அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தது. நோய் பிறப்பது கிராமத்துத் தண்ணீரிலும் பட்டினியிலும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அதை நிறுத்த முடியாது என்று இருவருக்கும் புரிந்தது.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு 1970ல் ஜாம்கேடுக்கு வந்தார்கள். அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் மழை பொய்க்கும் பூமி. அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஏறக்குறைய ஆறில் ஒன்று!

முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமங்களில் தங்க வைத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் தனியாகத் தங்குவதும் கஷ்டம், அவள் சொல்வதை ஊர் கேட்பதும் கஷ்டம். பிறகுதான் அந்தந்த ஊரே தன் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்று முடிவானது. வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தலித் பெண்கள்.

வாரம் ஒருமுறை ஜாம்கேடு வந்து சேர்ந்து படிப்பார்கள், ஊர் திரும்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தை பெரிதாகிவிடும் என்று பயந்து கர்ப்பிணி வயிற்றைக் காயப்போடக் கூடாது. தொப்புள்கொடி வெட்டும் பிளேடு கொதித்த நீரில் போட்டதாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். குழந்தையை மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். எந்தப் பிரசவத்தை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் கற்றார்கள். இதுதான் முக்கியம்.

பாடம் சுலபம், சாதி சுலபமில்லை. தலித் பெண் தொட்டால் தீட்டு என்ற வீட்டில் அவள் எப்படிப் பிரசவம் பார்ப்பாள்? அரோலே தம்பதி குடிநீர்க் கைப்பம்புகளைத் தலித் குடியிருப்புப் பக்கமாகவே போட வைத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எல்லோரும் அங்கே போக வேண்டும்! சுகாதாரத் திட்டத்தில் இதுவும் ஒரு மருந்துதான்.

1990களில் அந்த 176 என்ற எண் 30க்கும் கீழே இறங்கியது. இருவருக்கும் 1979ல் மகசேசே விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 1975ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில் ஜாம்கேடு ஒரு அத்தியாயமாக இடம்பெற்றது. 1978 அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேசியபோது, கண்முன் இருந்த உதாரணங்களில் ஜாம்கேடும் ஒன்று.

ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று யாரும் இதை வைத்து வாதாட வேண்டாம். ஜாம்கேடிலும் அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி இருந்தது. ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அறிவுரை போதாது. ஆனால் அவளை நேரத்தோடு வண்டியேற்ற அந்த ஊரிலேயே ஒருத்தி வேண்டும்.

2005க்குப் பிறகு நாடெங்கும் வந்த ஆஷா பணியாளர்கள் இந்த மரபின் வாரிசுகள். ஆனால் இன்றும் அவர்களுக்குப் பெயர் 'தன்னார்வலர்'. கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. குழந்தையைக் காப்பாற்றும் வேலையைத் தொண்டு என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்காமல் இருக்கலாம் போலிருக்கிறது. ஜாம்கேடு பெண்களுக்கு முதலில் கிடைத்தது மரியாதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்கள் அம்மாவிடம், பாட்டியிடம் கேளுங்கள்: நீங்கள் பிறந்தபோது வீட்டுப்படி ஏறி வந்த நர்சம்மா யார், மருத்துவச்சி யார்? அந்தப் பெயரைக் கீழே எழுதுங்கள். இந்த முறை மதிப்பெண் கிடையாது, நன்றி மட்டும்தான்.