கேரவன் கழிவகற்று நிலையம்

படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றுடன் வீடுபோல் அமைந்த கேரவன் ஊர்திகளின் கழிவுத்தொட்டிகளைக் காலிசெய்து, அக்கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையிலோ நச்சுத்தொட்டியிலோ சேர்ப்பதற்கான இடம் கழிவகற்று நிலையம் எனப்படும். நியூசிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களும் முகாம் திடல்களும் நடத்தும் இந்நிலையங்களைச் சாலையோரப் பலகைகளும் கைப்பேசிச் செயலிகளும் காட்டுகின்றன. அங்கு, வெளி வசதியின்றித் தங்கத்தக்க ஊர்தி என்பதற்கான தன்னிறைவுச் சான்று பெற, 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர்தியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருத்தல் வேண்டும்.

மலம் கலந்த நீர் கருநீர் என்றும், குளித்தும் பாத்திரம் கழுவியும் சேர்ந்த நீர் சாம்பல்நீர் என்றும் வழங்கும். இரண்டும் தனித்தனித் தொட்டிகளில் இருப்பின், கையுறை அணிந்து, கருநீர் அடைப்பானை முதலில் திறந்து, அது வடிந்தபின் சாம்பல்நீரை விடுவதே சிறந்த முறை. குழாயில் ஒட்டிய கசடு அதனாலேயே அலசப்பட்டுவிடும். ஃபார்மால்டிஹைடு கலந்த நாற்றநீக்கிகள் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்வதால் அவை தவிர்க்கத்தக்கவை. நிலையத்தின் அலசுகுழாயில் குடிநீர் பிடித்தல் ஒருபோதும் கூடாது.