உமணர் வண்டி போன வழி
(மரக்காணம் – ஆரோவில் கரை: ஒரு நாள் பயணத்துக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு)

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் நண்பர்கள் வட்டத்தில் எழும் முதல் கேள்வி, "இந்த சனி, ஞாயிறு எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டியில் ரூம் கிடைக்காது. கொடைக்கானலுக்கு லீவு போதாது. கடைசியில், "சரி, பாண்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்று பேச்சு முடியும். காலையில் கிளம்பி, மதியம் ஆரோவில்லில் அந்தத் தங்க உருண்டையைத் தூரத்தில் வைத்து ஒரு போட்டோ, சாயங்காலம் கடற்கரை, ராத்திரி வீடு. நடுவே மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்து "அடேயப்பா!" என்று ஒரு வார்த்தை. வண்டி மட்டும் நிற்பதில்லை.

அந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வதற்கே இக்கட்டுரை. பழைய மாணவர்கள் பொறுத்தருள்க. இன்றைய மாணவர்கள் குறித்துக்கொள்க.

முதல் வழிகாட்டி நூல்

இந்தக் கரைக்கு வழிகாட்டி எழுதியவர்களில் மூத்தவர் நத்தத்தனார். இன்று கடப்பாக்கத்தைச் சேர்த்து இடைக்கழிநாடு என்று வழங்கும் பகுதியில், நல்லூர் அவருக்குச் சொந்த ஊர். அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், அப்புறம் வேலூர், அப்புறம் ஆமூர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் உள்ளது என்றும் அறிஞர் பலர் கருதுவர். (இந்த வேலூர், கோட்டை உள்ள வேலூர் அன்று.)

நாமும் கிளம்புமுன், "சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்கிறோம். அந்தப் பாணனும் அதைத்தான் சொல்கிறான். பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும், வேலூரில் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். அவன் உணவோடு நிறுத்தவில்லை. அங்கே பரதவர் இருக்கிறார்கள், இங்கே வேட்டுவர், அடுத்து உழவர் என்று, சோறு போடுகிறவர் யார், அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் சேர்த்தே சொல்கிறான். உப்பு வணிகரான உமணரின் வண்டிகளும் அந்தப் பாட்டில் வருகின்றன. வண்டியோடு வந்த பெண் குரங்கு, உமணரின் பிள்ளைகளோடு முத்தை வைத்துக் கிலுகிலுப்பை ஆடுகிறதாம்! குடும்பத்தோடு, பிள்ளைகுட்டிகளோடு சாலையில் போனவர்கள் அவர்கள்.

துறைமுகம், கோட்டை, கால்வாய்

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிபுளூஸ், இக்கரையின் துறைமுகங்களாக கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்றைக் குறிக்கிறது. பொதுகே புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் சொல்வர். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடிகளும் தட்டுகளும் வெளிவந்தன. மரக்காணம் பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன; தமிழ் படித்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் அருகில் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் இது பிரெஞ்சுக்காரரான துய்ப்ளேக்குப் பரிசாகப் போயிற்று. பத்தே வருஷத்தில், 1760-ல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நாணயம் அடித்த இடம் அது. இன்று மிஞ்சியிருப்பது செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சில சுவர்கள், பக்கத்தில் அமைதியான கழிமுகம்.

அடுத்தது பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கு வடக்கே 1806-ல் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக நீண்டு, ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகள்தான் சென்னை நகருக்குள் அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு! உப்பும் விறகும் ஏறிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1930-களில் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போனதும் இக்கால்வாய்ப் படகில்தான். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டு அதில் பிறந்தது. நண்பர்கள் கூடிப் போகும் உல்லாசப் பயணம் நம் கண்டுபிடிப்பு அல்ல.

சாமிகளும் இந்தச் சாலையில் பயணம் போகிறார்கள். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் திண்டிவனம் பெருமாளும் தீவனூர்ப் பிள்ளையாரும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவது வழக்கம். வெயில் உச்சத்தில், வைகாசியில் வில்லியனூர்த் தேர். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த மரபு இன்றும் தொடர்கிறது.

செம்மண் மேடு காடான கதை

மரக்காணத்திலிருந்து தெற்கே வந்தால் ஆரோவில் மேடு. இன்று அங்கே நிழலில் நடக்கிறோம். 1968 பிப்ரவரி 28-ல், 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அது பொட்டல். மழைக்காலத்தில் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் இப்படி வறண்டது?" என்று கேட்டால் ஊரில் ஒரு கதை உண்டு. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளத்தில் கடுவெளிச் சித்தரைக் கூட்டம் ஏளனம் செய்ததாம். லிங்கம் மூன்றாக வெடித்ததாம். மண்ணுக்குச் சாபம் வந்ததாம். வரலாறு சொல்லும் காரணம் எளிது: மரங்களை வெட்டினோம். சாப விமோசனமும் அப்படியே. உலகின் பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி போன்ற சுற்றுக் கிராமத்துக்காரர்களும் சேர்ந்து வரப்பு போட்டார்கள், நீரைத் தேக்கினார்கள், இலட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். 1971-ல் அடிக்கல் நாட்டிய மாத்ரிமந்திர் முடிய 2008 ஆயிற்று. உருண்டையைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அந்தக் காட்டைப் பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் லீவும் அவர்கள் சீசனும்

இனி உப்புக்கு வருவோம். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தை, மாசியில் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு, பூத்த உப்பை நீண்ட கழியில் பூட்டிய பலகையால் வாருவார்கள். வெயில் ஏற ஏற உப்பு நன்றாக விளையும். ஆகவே நாம் "அப்பா, என்ன வெயில்!" என்று ஏ.சி.யைக் கூட்டும் சித்திரை, வைகாசிதான் அவர்களுக்கு அறுவடை. வெறுங்காலில் உப்புநீர், கண்ணில் வெள்ளைக் கூச்சம். அதனால் விடியுமுன்னே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஐப்பசி மழை வந்தால் பாத்தி மூழ்கும், கூலியும் நின்றுபோகும். அந்த மாதங்களுக்காக 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இப்பகுதி பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

எங்கள் காலத்தில் பாண்டி டூர் என்றால் திண்டிவனம் வழிதான். 1990-களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரானது. 2002 முதல் சுங்கம் கட்டிப் போகிறோம். சாலை நன்றாக ஆக ஆக, வழியில் இருப்பவர்களைப் பார்க்கும் நேரம் குறைந்துவிட்டது. நத்தத்தனாரின் பாணன் இருபது ஊர் சொல்லவில்லை. சொன்ன ஊர்களில் யார் இருக்கிறார் என்று மட்டும் மறக்காமல் சொன்னான்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் பழையவர்களும் புதியவர்களுமாக ஒரு வேன் ஏற்பாடு செய்வோம். சென்னையிலிருந்து விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு மரக்காணம். உப்பு வாருகிறவர்களிடம் அனுமதி கேட்டு, பாத்திக்குள் செருப்புக் கால் வைக்காமல், வரப்பில் நின்று பார்ப்போம், பேசுவோம், கல்லுப்பு விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்வோம். பிறகு பூமீசுவரர் கோயில், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரிக்கரை, மதியம் ஆரோவில் நிழல், திரும்பும்போது மாலை வெயிலில் ஆலம்பரை. தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு. தேதியை மட்டும் ஆனி பிறப்பதற்குள் வையுங்கள். அதற்குப் பிறகு கோடை மழை பாத்தியைக் கெடுத்தாலும் கெடுக்கும்.